முகம் சுளிக்காத நம்மாளு

யாரோ ஒருத்தருடைய மலம் என் வாய்க்குள் போயிருக்கிறது. என் ஈரலில் சீழ் கட்டியதற்கு டாக்டர் சொன்ன காரணம் அதுதான். அவர் சின்ன வயதுக்காரர். இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம்.

"அமீபான்னு ஒரு கிருமி. மலத்தில இருக்கும். தண்ணியிலயோ, பரிமாறுறவன் கையிலயோ ஒட்டிக்கிட்டு அடுத்தவன் வயித்துக்குள்ள போகும். முதல்ல குடல்ல புண்ணாக்கும். சில பேருக்கு அங்கயிருந்து ரத்தத்தோட ஈரலுக்குப் போய் அதையே தின்னும். தின்ன இடம் சீழாகும்."

"நான் கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிப்பேன் ஸார். ஒரு நாளைக்குப் பத்து தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்" என்றேன்.

"கல்யாண வீட்ல நாரங்கா வெள்ளம் குடிக்கமாட்டீங்களா?"

எலுமிச்சை ஜூஸைச் சொல்கிறார். குடித்திருந்தேன். ஐந்து வாரம் முன்பு கொச்சியில் தேவரா பக்கம், ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில், இரண்டு டம்ளர். ஐஸ் போட்டது. அதற்கப்புறம் நாலு நாள் வயிற்றுக் கடுப்பு. மாத்திரை போட்டு நின்றது. நின்றதாக நினைத்தேன்.

இது நடந்து நாலைந்து வருஷம் ஆகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு; அது கடைசியில் தானே தெரியும். தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எனக்கு அதுதான் வேகமாக எழுத வரும். ஆனால் மலையாளத்தில் எழுதினால் ஆபீஸில் யாராவது படித்துவிடுவார்கள். நான் எப்படிப்பட்டவன் என்று இந்த ஒரு வரியிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர். சந்துகளைக் கூட்டவும் கக்கூஸ் வாளிகளைச் சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது, கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் செத்தபோது அண்ணன் மாடசாமிக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. அப்பாவின் வேலை அண்ணனுக்கு வந்தது. அவன் சாக்கடை ஓடைக்குள் இறங்கினான், நான் பள்ளிக்கூடம் போனேன். பத்தாவது தேறி, டைப் படித்து, கடைசியில் எனக்கும் அதே முனிசிபல் ஆபீஸில்தான் வேலை கிடைத்தது. சுகாதாரப் பிரிவில் குமாஸ்தா. அண்ணனுடைய பெயர் இருக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்துக்கு எதிரே டிக் போடுகிற வேலை.

வேலை கிடைத்த நாளிலிருந்துதான் என்று நினைக்கிறேன், எனக்கு நாற்றம் தாங்காமல் போனது. துப்புரவுத் தொழிலாளர் காலனியில் பிறந்து வளர்ந்தவன், திடீரென்று மூக்கைப் பொத்த ஆரம்பித்தேன். கல்யாணம் ஆனதும் இடக்கொச்சியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டேன். அண்ணன் வந்தால் வாசல்படியில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போவான். அவன் குடித்த டம்ளரைத் தனியாக வை என்று என் மனைவி சரோஜாவிடம் சொன்னவன் நான். அவள் வைக்கவில்லை. ஆகவே எது எந்த டம்ளர் என்று தெரியாமல், வீட்டிலுள்ள எல்லா டம்ளரையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற வழக்கம் எனக்கு வந்தது.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மலையாளத் தமாஷ் படம் வந்தது. பெயர் வேண்டாம், இப்போது யாருக்கும் ஞாபகமிருக்காது. அதில் கல்யாணப் பெண்ணின் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்துவரும் ஒரு வேலைக்காரன் உண்டு. வருகிற காட்சியிலெல்லாம் அடி வாங்குவான். அவனுக்குப் பெயரே கிடையாது; எல்லோரும் "எடா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்வலத்தில் வரும்போது கால் வழுக்கித் திறந்த ஓடைக்குள் விழுவான். கழுத்துவரை முங்குவான். இரண்டு கையும் பெட்டியும் மட்டும் மேலே நிற்கும். பிறகு கரையேறி, முகமெல்லாம் கறுப்புச் சேறாக, பெட்டியைக் கீழே வைத்துத் தட்டிப் பார்த்து, "பெட்டி நனஞ்ஞிட்டில்லா" என்பான். பெட்டி நனையவில்லை. அவ்வளவுதான் காட்சி.

தியேட்டரே உருண்டது. எனக்குக் குமட்டியது. ஓடையில் ஒரு மனிதன் விழுவதைப் பார்த்து ஐந்நூறு பேர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தினமும் அதற்குள் இறங்குகிறவன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. சாமி புறப்பாட்டைப் பார்ப்பதுபோல் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அந்த வேலைக்காரன் அண்ணனுக்கு "நம்மாளு" ஆனான். அந்தப் படத்தை அண்ணன் எத்தனை தடவை பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. இடைவேளைக்குப் பிறகு நம்மாளு வரமாட்டான் என்பதால் பாதியில் எழுந்து வந்துவிடுவானாம். அப்போது வாரப் பத்திரிகைகளில் முகமூடி போட்டுப் பறக்கும் வீரர்களின் படக்கதைகள் வரும். காலனிப் பிள்ளைகள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். அண்ணன் அவர்களைப் பிடித்து உட்காரவைப்பான்.

"பறக்கதுக்கு என்னடே வேணும்? கயித்தக் கட்டி மேல இழுத்தாப் பறக்கலாம். நம்மாளு போறது கீழ. கீழ போயிட்டு, பெட்டி நனையாம, மூஞ்சி சுளியாமத் திரும்பி வந்தாம்லா, அதச் செய்யச் சொல்லு ஒன் வீரன!"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம்மாளுக்கு நாற்றம் ஏறாது, அது அவனுக்குக் கிடைத்த வரம் என்று உறுதியாகச் சொல்வான். எனக்கு எரிச்சல்தான் வரும். வேறு யாரும் கிடைக்காமல், போயும் போயும் ஒரு கோமாளியைப் பிடித்துக் கும்பிடுகிறானே என்று.

நோய்க்கு வருகிறேன்.

மழை தொடங்கிய வாரம். சாயங்காலமானால் குளிர் உதறும், பிறகு காய்ச்சல், விடிவதற்குள் வியர்த்துப் பாய் நனையும். வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். வலது தோளிலும் வலி. தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரல் வீங்கினால் அதற்கு மேலே உள்ள நரம்பு அழுத்தப்பட்டு, வலி தோளில் தெரியும் என்பது அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் ஆபீஸ் படிக்கட்டில் இரும ஆரம்பித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. யாரோ போய்ச் சொல்லி, வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவன் அண்ணன். முழங்கால்வரை ஓடைச் சேறு. ஆட்டோக்காரன் என்னைப் பார்த்து நிறுத்தினான். அண்ணனைப் பார்த்ததும் நகரப் பார்த்தான். அண்ணன் முன்பக்கம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தான்.

அது ஒரு அரசு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரலுக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை குடைபோல இருக்குமாம். என்னுடையதில் வலப்பக்கம் மட்டும் குடை மேலே தள்ளியிருந்தது. மலம் சோதித்தார்கள். அந்தச் சின்ன டப்பாவைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றவன் அண்ணன்தான். பிறகு மருந்து ஆரம்பித்தார்கள். மாத்திரையும் ஊசியும். மாத்திரை வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல ஒரு ருசியைக் கொண்டுவந்தது. ஊசி கிருமியைக் கொல்லும், ஆனால் இதயத்தையும் தொட்டுவிடக்கூடும். ஆகவே பத்து நாள் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்றார் டாக்டர்.

"எல்லாத்துக்குமா ஸார்?"

"எல்லாத்துக்கும்தான்."

அதாவது பெட்பேன். படுத்த இடத்தில், நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில், இடுப்புக்கு அடியில் ஒரு தகரச் சட்டி.

வார்டைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்கிறேன். ரெக்ஸின் மெத்தை கிழிந்து அதற்குள் முன்பு படுத்தவர்களின் வியர்வை ஊறியிருந்தது. மழையில் கக்கூஸ் நிரம்பி வராந்தாவரை வந்தது. செங்கல் போட்டு அதன்மேல் நடந்தார்கள். சுவர் மூலைகளில் வெற்றிலை எச்சில். கட்டிலுக்கு அடியில் பூனைகள், கட்டுப் போட்டு எறிந்த பஞ்சை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பூனையே அப்புறம் கஞ்சிப் பாத்திரத்தை நக்கும். இத்தனைக்கும் மேலே பினாயில். நான் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். கண்ணை மூடினால் என்னுடைய நாற்றம் எனக்கே வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கூட ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். சரோஜாவுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. ஆகவே அண்ணன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தான்.

பக்கத்துக் கட்டிலில் வர்க்கி ஸார். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இடது பாதத்தில் ஆறாத புண். ஆங்கிலப் பத்திரிகை படிப்பார். நான் குமாஸ்தா என்று தெரிந்ததும் "நம்மள் ஓஃபீஸ்காரு" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அது இதமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை. அண்ணன் என் பெட்பேனைப் பழைய பத்திரிகையால் மூடி எடுத்துக்கொண்டு நிற்கிறான். வர்க்கி ஸார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நடராஜா, இயாள் ஆரா?"

இவர் யார் என்கிறார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்.

"ஆபீஸிலுள்ள ஆளு ஸார். க்ளீனிங் ஸ்டாஃப். உதவிக்கு அனுப்பியிருக்காங்க" என்றேன்.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை. அவன் கையிலிருந்த சட்டி ஆடவில்லை. வர்க்கி ஸாரைப் பார்த்துச் சிரித்தான்.

"அதே ஸாரே. நடராஜன் ஸார் எண்டெ ஓஃபீஸரா" என்றான். ஆமாம், நடராஜன் ஸார் என்னுடைய அதிகாரி என்று. சொல்லிவிட்டுச் செங்கல்மேல் கால்வைத்துக் கக்கூஸ் பக்கம் போனான்.

திரும்பி வந்தவன் என்னை "ஸார்" என்று கூப்பிட்டான். வர்க்கி ஸார் தூங்கும்போதும் ஸார்தான். என் கையைத் தூக்கி அக்குளைத் துடைக்கும்போதும், "ஸார், அந்தப் பக்கம் திரும்புங்க." காய்ச்சலில் நான் துணியோடு போய்விட்டபோதும், "ஒண்ணுமில்ல ஸார், இந்தா இப்ப மாத்திருவோம்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குரலில் கோபமே இல்லை.

வார்டுக்கு அவன் "சாமிச்சேட்டன்" ஆனான். கூட ஆளில்லாத கிழவர்களுக்குச் சூடுதண்ணீர் வாங்கிவருவான். வர்க்கி ஸாரின் பாதத்துக் கட்டை நர்ஸ் பிரிக்கும்போது சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கட்டைப் பிரித்தால் எங்கள் வரிசை முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வர்க்கி ஸாரே திருப்பிக்கொள்வார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் நம்மாளு கதை. நடித்தே காட்டுவான். வார்டு சிரிக்கும். தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மதி சாமிச்சேட்டா, மதி, பொட்டும்" என்பார்கள். போதும், தையல் விட்டுவிடும் என்று.

"அது வெறும் கோமாளி வேஷமல்லே?" என்றார் வர்க்கி ஸார் ஒருநாள்.

"கோமாளிதான் ஸாரே. பக்ஷே, ஸார் ஒண்ணு ஆலோசிக்கணும். கதாநாயகன் விழுந்தா எல்லாரும் அழும். இவன் விழுந்தா சிரிக்கும். அழுகிறதுக்கு ஆள் உள்ளவனுக்குத் தைரியம் எளுப்பமா வரும். சிரிக்கிறவங்க முன்னால எழும்பணுமே, அதுக்கல்லே சக்தி வேண்டத?"

வர்க்கி ஸார் பத்திரிகையை மடக்கினார். என் மலத்தை அள்ளிய கையை வீசி வீசி அவன் கதை சொல்கிறான், எல்லோரும் ரசிக்கிறார்கள். வெட்கமில்லையா இவனுக்கு என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது அந்த நினைப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளக் கை கூசுகிறது.

ஆறாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. விலா இடுக்கில் தோல் பளபளவென்று வீங்கியது. சீழ் தானாக உடைந்து வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ கொட்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம், அதற்குமுன் ஊசியால் இழுத்து எடுத்துவிடவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சரோஜாவை வரவழைத்து, வார்டுக்கு வெளியே வைத்தே கையெழுத்து வாங்கினார்கள்.

வார்டின் கோடியில் ஒரு தடுப்புக்குப் பின்னால்தான் செய்தார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு, கோணி தைக்கிற ஊசிபோல ஒன்று. "அசையக்கூடாது, மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்றார் டாக்டர். அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அட்டெண்டர் சாயா குடிக்கப் போயிருந்தான். அண்ணன் வந்து என் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டான்.

சீழ் என்றால் மஞ்சளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது பழுப்பு நிறம். சுண்டிய வத்தக்குழம்புபோல, கெட்டியாக. கரைந்துபோன ஈரலின் நிறம் அது. சிரிஞ்சு நிறைய நிறைய எடுத்து ஒரு தட்டில் விட்டார்கள். முக்கால் லிட்டருக்குமேல் என்று பிறகு சொன்னார்கள். பாதியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. சிரிஞ்சின் வாய் கழன்று, சூடாகப் பீறிட்டு, அண்ணனின் முகத்திலும் சட்டையிலும் அடித்தது. நர்ஸ் பின்னால் குதித்தாள். டாக்டரே ஒரு நொடி முகத்தைத் திருப்பினார்.

அண்ணன் திருப்பவில்லை. என்னைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை. அவன் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புருவத்திலிருந்து வழிகிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கேயாவது சுளிக்கிறானா என்று. இல்லை. "முடிஞ்சுது ஸார், இன்னும் கொஞ்சம்தான்" என்றான். அப்போதுதான் அந்தப் படத்தின் ஆள் ஞாபகத்துக்கு வந்தான். கழுத்துவரை முங்கியும் பெட்டியைக் கீழே விடாத ஆள்.

ஊசியை உருவி, பிளாஸ்திரி ஒட்டி, சன்னலோரத்திலிருந்த என் கட்டிலுக்கே கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். சன்னலுக்கு வெளியே பின்பக்கத்து முற்றம், துணி துவைக்கிற கல், ஒரு குழாய். அண்ணன் தன் முதுகு எனக்குத் தெரிய அங்கே நின்றான். சட்டையைக் கழற்றிக் கல்லில் போட்டான். குழாயைத் திறந்தான். பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து வாந்தி எடுத்தான். குடலே வெளியே வருகிறமாதிரி, மூன்று தடவை, நாலு தடவை. மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, இரண்டு கையாலும் கன்னத்தை மேலிருந்து கீழே ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டான். திரும்பினான். பழைய முகம்.

உள்ளே வந்து, "ஸாருக்கு வலி உண்டா?" என்றான்.

"வாந்தி எடுத்தியா?"

"இல்லையே. வெத்தல துப்பினேன்."

அவன் வெற்றிலை போடுவதில்லை.

மறுநாள் சரோஜா வந்தாள். குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, தூக்கில் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்திருந்தாள். என் மூக்குக்குப் பிடிக்காதென்று தேங்காய் எண்ணெய் சேர்க்காமல் செய்த துவையலும். எப்போதும் அண்ணனை "அத்தான்" என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு, "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று யாரோ மூன்றாம் மனிதரைக் கேட்பதுபோலக் கேட்டாள். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கொடுக்கவில்லை.

"நா வரும்போது அத்தான் படியில நின்னுட்டிருந்தாங்க" என்றாள். "எதுக்குன்னு தெரியுமா? எங்கிட்டச் சொல்லத்தான். 'அம்மாடி, உள்ள வந்து என்ன அத்தான்னு கூப்பிட்டுராத. அவனுக்கு அங்க ஒரு மரியாத இருக்கு'ன்னு. கைய எடுத்துக் கும்பிட்டுச் சொல்லுதாங்க."

நான் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் ஓக்காளம் வரும்லா? எனக்கு இதுவரைக்கும் அப்படி வந்ததே இல்ல. இன்னைக்கு வருது. ஒங்களப் பாத்து வருது."

தூக்கைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அவள் கோபித்துப் பார்த்திருக்கிறேன், அழுதும் பார்த்திருக்கிறேன். ஒரு அழுகின பொருளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது அன்று மட்டும்தான்.

அண்ணன் திரும்பி வந்ததும் வர்க்கி ஸார் பக்கம் திரும்பினேன். விலா வலித்தது. "ஸார், அன்னைக்குக் கேட்டீங்களே. இது என் அண்ணன். கூடப்பிறந்த அண்ணன்" என்றேன். குரல் உயரவில்லை. ஆனாலும் மூன்று கட்டில் தாண்டிக் கேட்டிருக்கும்.

வர்க்கி ஸார் கண்ணாடியைக் கழற்றினார். "அறியாம்" என்றார். தெரியும். "ரெண்டு பேருக்கும் ஒரே காது, ஒரே நெற்றி. எனக்குக் காலுதான் மோசம், கண்ணு இல்ல. கேட்ட அன்னைக்கே எல்லாருக்கும் அறியாம்."

பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்காக ஐந்து நாள் ஒரு வார்டே சேர்ந்து என் பொய்யை மூடி வைத்திருந்திருக்கிறது, பெட்பேனைப் பத்திரிகையால் மூடுவதுபோல.

அண்ணன் கட்டில் காலடியில் உட்கார்ந்து அப்பளத்தை உடைத்து என் கையில் கொடுத்தான். அதை மென்றுகொண்டே நான் கேட்டேன்.

"நம்மாளுக்கு நாத்தம் ஏறாதுன்னு சொல்லுவியே. பொய்தானே?"

அவன் என்னைப் பார்த்தான். ஐந்து நாளுக்குப் பிறகு "ஸார்" போய்விட்டது.

"ஏறாம? அவன் என்ன மூக்கில்லாதவனாடே? ஒனக்கு அந்த சீன் ஞாபகம் இருக்கா? கரையேறி வாறான்லா, ஒடனே நேரா நிக்கமாட்டான். மொதல்ல நமக்கு முதுகக் காட்டிட்டு நிப்பான். ரெண்டே நொடி. எல்லாரும் சிரிச்சிட்டிருப்பானுவ, ஒருத்தனும் பாக்கமாட்டான். அந்த ரெண்டு நொடியில அவன் மூஞ்சியச் சரியாக்குதான். அப்புறந்தான் திரும்பி, பெட்டி நனையலன்னு சொல்லுதான். நான் அந்த முதுகப் பாக்கத்தாண்டே போவேன்."

"பிள்ளைகள்ட்ட அத ஏன் சொல்லல?"

"நாத்தம் தெரியும்னு சொன்னா எறங்குவானாடே எவனும்?" என்று சொல்லிவிட்டு, மிச்ச அப்பளத்தைத் தின்றான்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயில் ஆணி ருசி ஒரு மாதம் இருந்தது. பத்து கிலோ குறைந்து, கோட்டு மாட்டும் கொக்கிபோல ஆகியிருந்தேன். மஞ்சள் கண்ணும் உதிர்ந்த முடியுமாக என்னைப் பார்த்துக் குழந்தை அழுதது. சரோஜா பேசினாள், சமைத்தாள், மருந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் திரும்பச் சொல்லவில்லை, திரும்ப வாங்கவும் இல்லை.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. இன்றைக்கும் நாற்றம் வந்தால் தொண்டையில் ஏறுகிறது. இன்றைக்கும் டம்ளரை முகர்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் போனேன். மேஜைமேல் தூசி. கட்டுகளைப் பிரித்துக்கொண்டே வரும்போது ஒரு ஃபைல். ஓடைத் தொழிலாளர்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் கேட்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் எழுதியது. நான் படுப்பதற்கு முந்தைய வருஷத்துக் கடிதம். ஓரத்தில் சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், ஒரு குறிப்பு: "தொழிலாளர்களின் கால் அளவு குறிப்பிடப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. முப்பத்தொரு பெயர். பன்னிரண்டாவது மாடசாமி. நான் அதை வாசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த மை நிறத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த அருவருப்பு, ஆஸ்பத்திரியில் எந்தத் தட்டைப் பார்த்தும் வரவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவனின் பெயரை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஃபைலை எடுத்துக்கொண்டு, பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றும் ஒரு பென்சிலுமாக, அன்று மத்தியானமே காலனிக்குப் போனேன். வேலை முடிந்து வரும் நேரம். அண்ணன் குழாயடியில் நின்றிருந்தான், இன்னும் கால் கழுவியிருக்கவில்லை.

"ஒன் கால் அளவு என்ன?" என்றேன்.

"எனக்கு எதுக்குடே அளவு? செருப்பே போட்டதில்லையே."

பத்திரிகையைத் தரையில் விரித்தேன். "ஏறி நில்லு."

"கால் கழுவிட்டு வாரேன், இரி."

"வேண்டாம். நில்லு."

அவன் தயங்கி வலது காலைத் தூக்கி வைத்தான். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பூட்ஸ் வந்துசேர ஒன்றரை வருஷம் ஆனது வேறு விஷயம். குதிகாலில் தொடங்கினேன். பிளவுகளில் கறுப்பு. கட்டைவிரலில் நகம் இல்லை. எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. நாற்றம் நேராக முகத்தில் அடித்தது. வாயில் எச்சில் ஊறி, தொண்டை இரண்டு தடவை மேலேறி இறங்கியது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பென்சில் போனபோது அவனுக்குக் கூசியது.

"எலேய், சிரிப்பு வருதுடே!"

"அசையாத" என்றேன். "கோடு கோணலாயிரும்."